ஆறு முத்திரை விழுந்த கடிதம்

விமானப்படையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். ஒருமுறைகூடப் பறந்ததில்லை. வடக்கே ஒரு மலையடிவார ஊரில், கமாண்ட் எனப்படும் பெரும்பிரிவு ஒன்றின் தலைமையகத்தில் எழுத்தர் வேலை. அந்தக் கமாண்டின் வரலாற்றைத் தொகுப்பது என் பொறுப்பு. நிலையங்களிலிருந்து மாதம் ஒரு படிவம் வரும். எத்தனை முறை பறந்தார்கள், எந்த அதிகாரி மாறினார், ஓடுபாதையில் எத்தனை நரி குறுக்கே வந்தது, எல்லாம் அதில் இருக்கும். நான் நரியை நீக்கிவிட்டு மற்றதை வரலாறாக்குவேன்.

ஊரில் அப்பா என்னை விமானி என்றே சொல்லிவந்தார். நான் திருத்தவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். இரண்டு தலைமுறையாக அதைக் குத்தகைக்குச் செய்துவந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்போது குத்தகை பார்த்தவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூடுதல். அவர்கள் சோறு முழுக்க அந்த ஐந்து மாவில்தான் விளைந்தது. ஆட்சி மாறி, உழுகிறவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். குத்தகைக்காரரை லேசில் வெளியேற்ற முடியாது. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. படையில் இருப்பவன் சொந்தச் சாகுபடிக்கென்று கேட்டால் நிலத்தைத் திரும்பப் பெறலாம். அப்பா அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதினார். நான் விடுப்பு எடுத்துச் சீருடையோடு வந்தேன்.

நிலத்தைத் திரும்பக் கேட்டு மனு போட்டோம். விசாரணைக்கு முதல்நாள் குத்தகைக்காரரே வீட்டுக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்தேன்.

"ஒங்க படை எப்புடிங்க தம்பி, ஒரே எடத்துலயா இருக்கு?" என்றார்.

அவருக்குப் புரியும்படி சொன்னேன். டெல்லி அணை மாதிரி. கமாண்டுகள் அங்கிருந்து பிரியும் ஆறுகள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவதுபோல நிலையங்கள், அவற்றின் கீழே ஸ்குவாட்ரன்கள். உத்தரவு மேலிருந்து கீழே பாயும்.

"அதுல தம்பிக்கு என்னா வேலை? தண்ணி தெறக்கறதா?"

"இல்ல, எழுதறது."

"அட, நம்ம வாய்க்கா லஸ்கரு! அளவுகோலப் பாத்து, இன்னிக்கு இத்தன அடின்னு நோட்டுல எழுதிட்டுப் போவாரே, அவரு!"

அவர் மனைவி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் பதினெட்டு ஆண்டு உத்தியோகத்தை அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி என் சீருடையைப் பார்த்ததுமே நாற்காலி போடச் சொன்னார். "என்ன பணி?" என்றார். நான் கமாண்டின் கதையை எடுத்துவிட்டேன். அது எப்போது பிரிந்தது, எந்த எல்லை அதன் பொறுப்பு, அதன் கீழ் என்னென்ன நிலையங்கள். நான் தொகுத்த வரலாறு, மனப்பாடம். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 'நாங்கள்' என்று சொன்னேனே தவிர, 'நான்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கடைசியில், "நீங்களே சாகுபடி செய்வீங்களா?" என்றார்.

"செய்வேன்."

குத்தகைக்காரர் எழுந்தார். "ஐயா, தம்பி தங்கமான புள்ள. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்த நெலத்துக்கு மடை கெழக்கயா, மேக்கயா?"

"நாட்டக் காக்கறவர்கிட்ட மடை எங்கன்னு கேக்கறியா?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு விடை தெரியாது.

நிலம் எங்களுக்கு வந்தது. நான் வடக்கே போய்விட்டேன். அந்தப் போகம் நிலம் தரிசாகக் கிடந்தது.

அடுத்த வைகாசியில் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. முகவரியில் என் பெயரும் 'விமானப்படை பெரிய ஆபீசு' என்பதும் மட்டும்தான். அது முதலில் எங்கள் மாநிலத்து விமானப்படை நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு அலுவலகமாக மேலேறி, ஆறு முத்திரை வாங்கிக்கொண்டு ஆறு வாரத்தில் என்னிடம் சேர்ந்திருந்தது. உள்ளே குத்தகைக்காரர் பையனின் கையெழுத்து. 'தம்பி வேலை மும்முரத்தில் இருப்பீர்கள். நிலம் சும்மா கிடக்கிறது. நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது என்கிறார்கள். வழக்கு, தாவா வேண்டாம். செய்துகொள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.' பதிலுக்கென்று விலாசம் எழுதிய அஞ்சலட்டை ஒன்றையும் வைத்திருந்தார்கள்.

அந்த ஒரு வரியை எழுதினால் நான் விசாரணையில் சொன்னது பொய் என்று என் கையாலேயே ஒப்புக்கொண்டதாகும். மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்னாவது என்று பயந்தேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று கெடுவைத் தாண்டவிட்டேன். அப்பா நிலத்தை விற்றுவிட்டார்.

அடுத்த விடுப்பில் குத்தகைக்காரரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மனைவியோடு முத்துப்பேட்டைப் பக்கம் கூலிவேலைக்குப் போக நின்றிருந்தார். மடியில் சோற்றுப் பாத்திரம்.

"கடுதாசி வந்துச்சாங்க தம்பி?"

"வரலையே" என்றேன். "பெரிய படை. எத்தனை கை மாறணும், எங்கேயாவது தொலைஞ்சிருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? தம்பி கையில கெடச்சிருந்தா எழுதாம இருப்பாரான்னு நான் அப்பவே சொல்லல?"