தரவைக் குதிரைகளுக்குத் தண்ணீர்

நான் குழாய் வேலை செய்பவன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் ஏணியிலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்ட வருடம், கோடை முழுவதும் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. பாரம் தூக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக்கூடாது, வாகனம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டு, பஸ் தரிப்பில் நிற்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பதே என் தொழிலாகிப்போனது. மனைவி காலையில் வேலைக்குப் போய்விடுவாள். மகளுக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. இருவரும் திரும்பி வரும்போது நான் எதையாவது பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பேன். சோறு குழைந்துவிட்டது, யாரோ குழாயை இறுக்கிப் பூட்டவில்லை, இப்படி ஏதாவது. அந்த மாதங்களில் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு அவர்கள் இருவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

மனைவி நெடுந்தீவுக்காரி. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் அந்தத் தீவில் குதிரைகள் இன்றும் காட்டுத்தனமாகத் திரிகின்றன. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. கட்டிவைக்க ஆளும் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்காரன். எங்கள் கல்யாணம் ரொறன்ரோவில் நடந்தது. அந்தத் தீவில் நான் கால் வைத்ததே இல்லை. குதிரை என்றால் எனக்கு டவுன்டவுனில் பொலிஸ்காரர் ஏறி வருகிற பெரிய குதிரைதான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அஜின்கோர்ட்டில இண்டைக்கு எங்கட ஊர்க் கூட்டம். நீங்களும் வாங்கோ. தனிய இருந்தா இன்னும் கோவம்தான் வரும்."

கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்தது. றோல்ஸும் தேநீரும் வைத்திருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஊரிலிருந்து வந்த வீடியோவைக் காட்டினார்கள். வற்றிப்போன ஒரு குளம். நடுவில் மட்டும் கரிய சேறு. அதைச் சுற்றிக் குதிரைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ஒரு குட்டி சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்றது. தாய் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தேன்.

தண்ணீர்த் தொட்டி கட்டுவோம் என்று ஊர்ச் சங்கத் தலைவர் சொன்னார். எல்லோரும் ஓம், கட்டுவோம் என்றார்கள். அப்போது ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பேசத் தொடங்கினாள். மனைவியின் தங்கை. குடும்பம் முழுவதும் வெளியேறியபோது தீவிலேயே தங்கிவிட்டவள். மாடு வளர்ப்பவள். எனக்கு மச்சாள் முறை. ஆனாலும் இத்தனை வருடங்களில் தீபாவளிக்கும் செத்த வீட்டுக்கும் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"குதிரை பாவம் எண்டு நீங்கள் சொல்லுறது சரி. எனக்கும் பாவமாத்தான் கிடக்கு," என்றாள். "ஆனா இந்தத் தரவையில இருக்கிறது ஒரே புல்லு. என்ர மாடும் அதைத்தான் தின்னுது, குதிரையும் அதைத்தான் தின்னுது. தண்ணி வைச்சா குதிரை பெருகும். பெருகினாப் பிறகு புல்லுக்கு எங்கை போறது? கனடாவில இருந்து அனுப்புவியளோ?"

தரவை என்றால் ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். வேலி இல்லை, காணி உறுதிப் பத்திரம் இல்லை. எல்லோருடைய மாடும் அதில்தான் மேயும். கொஞ்சக் குதிரைகளைப் பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று ஒருவர் கேட்டார். தீவை விட்டு அவற்றைக் கொண்டுபோக அரசாங்கம் விடாது என்று தலைவர் சொன்னார். பிறகு ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் மனைவி எழுந்து, "என்ர மனுசன் குழாய் வேலைதான் செய்யிறவர். இப்ப வீட்டில சும்மாதான் இருக்கிறார். அவரே பாத்துச் செய்வார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளோடு நான் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து இடது கையால் தொட்டி ஒன்றின் படத்தைக் கீறத் தொடங்கினேன். அன்றைக்கு நான் எந்தச் சண்டையும் பிடிக்கவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு என் காலைகள் மாறின. எங்கள் காலை அங்கே பின்னேரம். மச்சாள் மாடுகளைப் பார்த்து முடித்து அழைப்பாள். விருப்பமில்லாமல்தான் தொடங்கினாள். "அக்கா சொன்னதுக்காகத்தான் அத்தான் செய்யிறன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பவுசர் லொறியில் வருகிற தண்ணீரை உயரமான ஒரு தாங்கியில் நிரப்பி, அங்கிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்கு விடுவது என் திட்டம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஒரு மிதவை கீழே இறங்கிக் குழாயைத் திறக்கும், நிரம்பினால் மேலே எழும்பி மூடிவிடும். ஒரு சொட்டும் வீண்போகாது. ஊர் மேசன் ஒருவரை வைத்து அவள் கட்டுவித்தாள். சீமெந்தில் நீளமான, அழகான தொட்டி. முடிந்ததும் படம் அனுப்பினாள். அதை நான் தோளுக்குப் பிசியோதெரபிக்குப் போன இடத்திலும் காட்டினேன்.

ஒரு கிழமைக்குள் எல்லாம் பிழையாகிப்போனது.

"அத்தான், நீங்கள் எந்தக் குதிரைக்குக் கட்டினனீங்கள்?" என்று மச்சாள் கேட்டாள். "எங்கட குதிரை என்ர நெஞ்சுக்குத்தான் வரும். குட்டியளுக்கு எட்டவே எட்டாது."

நான் பொலிஸ் குதிரையின் உயரத்தை மனத்தில் வைத்துக் கட்டச் சொல்லியிருந்தேன்.

அது மட்டுமில்லை. ஓர் ஆண்குதிரை மிதவையைக் கடித்துப் பிடுங்கிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆண்குதிரை தன் பெட்டைகளோடும் குட்டிகளோடும் தொட்டியடியிலேயே குடியிருக்கத் தொடங்கியதுதான். வேறு கூட்டம் கிட்ட வந்தால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு துரத்தியது. மற்றக் கூட்டங்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பழையபடி சேற்றுக் குளத்துக்கே போயின. அந்தக் கிழமையில் இரண்டு குதிரைகள் செத்தன. மச்சாள் அதைச் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று அன்றைக்குத்தான் முதல்முறை அவளைக் கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு தொட்டி எண்டா அது ஒரு ஆம்பிளைக் குதிரைக்குச் சொந்தம். கனக்கத் தொட்டி வேணும். சின்னனா இருந்தாப் போதும். ஒண்டில நிண்டு பாத்தா மற்றது தெரியக்கூடாது. என்ர மாட்டுக்குப் பட்டியடியில தனிய ஒண்டு. குதிரை வந்து மாட்டைக் கலைச்சுதெண்டா நான் இந்த வேலையை விட்டிடுவன், சொல்லிப்போட்டன்."

மகள் அப்போது வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவள், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அருகில் வந்தாள். "அப்பா, அல்பேர்ட்டாவிலயும் சேம் பிரொப்ளம்தான். அங்கயும் வைல்ட் ஹோர்ஸ் பப்ளிக் லாண்டில மேயுது. மாடு வளர்க்கிற ஆக்கள் குதிரை கூடிப்போச்செண்டு சொல்லீனம், மற்ற ஆக்கள் அதுகளை விடுங்கோ எண்டு சொல்லீனம். சில இடத்தில பெருகாமல் இருக்கப் பெட்டைக் குதிரைக்கு ஊசி போடுறவை."

"ஊசியோ?" என்றாள் மச்சாள் தொலைபேசியில். "அதைப் பற்றி வடிவா வாசிச்சு எனக்குச் சொல்லு பிள்ளை."

அன்று பின்னேரமே புதுத் தொட்டியைக் கீறினேன். தாழ்வாக, ஒரு பக்கம் சரிவாக, குட்டி தவறி விழுந்தாலும் ஏறிவரக்கூடியதாக. மிதவையை ஒரு சின்னச் சீமெந்துப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் இரண்டு ஆள் தூக்குகிற கல் ஒன்றை மூடச் சொன்னேன். எந்தக் குதிரையும் கடிக்க முடியாது. எங்கெங்கே வைப்பது என்பதை மச்சாள் முடிவுசெய்தாள். எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் மேயும், எது எதோடு சேராது என்று அவளுக்குத் தெரியும். பெரிய தொட்டியை அந்த ஆண்குதிரைக்கே விட்டுக்கொடுத்து, கால்வாசி உயரத்தை மட்டும் உடைத்துக் குறைத்தோம். அந்த வருடம் மழையும் பிந்தியது. நாங்கள் பிந்தாமல் இருந்தோம்.

கடைசித் தொட்டிக்குத் தண்ணீர் விட்ட நாளில் மச்சாள் வீடியோவில் அழைத்தாள். அவள் ஒரு கல்வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். மனைவி வேலைக்கு வெளிக்கிட்டு, கைப்பையைத் தோளில் போட்டபடி என் பின்னால் வந்து நின்றாள்.

"சத்தம் போடாதேங்கோ," என்று மச்சாள் குசுகுசுத்தாள். ரொறன்ரோவில் நாங்கள் சத்தம் போட்டால் அங்கே குதிரைக்குக் கேட்கும் என்பதுபோல நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

முதலில் புழுதி தெரிந்தது. பிறகு மெலிந்த ஒரு பெட்டை, விலாவெலும்பெல்லாம் தெரிய, தனியாக முன்னால் வந்தது. தொட்டியை மணந்து பார்த்தது. மூக்கால் ஊதியது. தண்ணீர் நடுங்கியதும் பின்வாங்கியது. திரும்பவும் வந்து வாயை வைத்தது. அது குடிக்கத் தொடங்கியதும் மற்றவை வந்தன. கடைசியில் ஒரு குட்டி, பெரியவற்றின் கால்களுக்கு நடுவால் நுழைந்து, சரிவில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக் கழுத்தை நீட்டியது. எட்டியது. மனைவி என் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பஸ் வந்து நின்று, போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடிக்குதுகள் அக்கா," என்றாள் மச்சாள். "பாத்தியா?"

"பாத்தன்," என்று சொல்லிவிட்டு மனைவி அழுதாள். நான் எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.

குதிரைகள் மாட்டை விரட்டும் என்று மச்சாள் பயந்ததுபோல நடக்கவில்லை. மாடுகள் மத்தியானத்தில் குடித்துவிட்டு நிழலுக்குப் போய்விடும். குதிரைகள் பொழுது சாயும் நேரத்தில்தான் வரும். "நான் நினைச்சது பிழை அத்தான்," என்று அவளாகவே சொன்னாள். ஆனால் புல் பற்றிச் சொன்னது பிழையில்லை. அடுத்த வருடம் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. தரவையில் புல் அதேயளவுதான். குதிரைகளைக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் அவளையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளியூர் மாடுகளைத் தரவையில் கொண்டுவந்து விடுவதை நிறுத்துங்கள், பிறகு குதிரையைப் பற்றிக் கதைப்போம் என்று அவள் அவர்களிடம் சொன்னாளாம். ஊசி போடுவது பற்றி மகள் வாசித்துத் தமிழில் எழுதிக் கொடுத்ததை மிருக வைத்தியரிடம் காட்டியிருக்கிறாள். அது சரிவருமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

என் தோள் சுகமாகி, நான் வேலைக்குத் திரும்பிக் கனகாலமாகிவிட்டது. றப்பர் வாசர் தேய்ந்தால், குழாய் வெடித்தால் மச்சாள் அழைப்பாள். யாருடைய பேஸ்மென்டிலாவது குனிந்து நின்றபடி பதில் சொல்வேன். ஒருநாளும் போகாத ஒரு தீவில் நான் கீறிக் கொடுத்தபடி பூட்டிய குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது. உடைந்த தோளோடு ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்த கோடையில் அது எனக்குக் கிடைத்தது. அக்காவும் தங்கையும் இப்போது பெரும்பாலான காலைகளில் பேசிக்கொள்கிறார்கள். தொட்டியில் தொடங்கி, யாருடைய முழங்கால் நோகிறது, எந்த மாடு கன்று போட்டது என்று எங்கெங்கோ போகும். நடுவில் எனக்கு ஒரு சொல் சொல்ல இடம் கிடைக்காது. நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியில் நிற்கும் என் வேலை வண்டிக்குப் போகிறேன்.