மிலிட்டரி வூட்டு நிறுத்தம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மர ஸ்கேல் இருக்கிறது. ஓரம் மழுங்கி, அங்குலக் கோடுகள் பாதி அழிந்துவிட்ட அதை வைத்து இனி நேராக ஒரு கோடு போட முடியாது. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த மேடம் அதைத் தாளின் மேல் வைத்து நான் பார்த்ததும் இல்லை. கணினித் திரையின் மேல்தான் வைப்பார். விரிதாளின் ஒரு வரிசைக்குக் கீழே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, பெயரிலிருந்து கடைசிக் கட்டம் வரை உதடசையப் படிப்பார். பிறகு அடுத்த வரிசைக்கு இறக்குவார். கொஞ்சம் அழுத்திவிட்டால் எழுத்துகளைச் சுற்றி நிறங்கள் கலங்கி வளையமாக விரியும். "திரை போயிடும் மேடம்" என்பேன். "போனா வேற வாங்கித் தருவாங்க. வரி தப்புனா யாரு வாங்கித் தருவா?" என்பார். இந்தப் பழக்கம் அவருக்கு எந்த நாளில் வந்தது என்பதை நான் அறிவேன்.

மேடம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அரியலூரை அடுத்த எங்கள் கல்லூரிக்கு வருவார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தமிழில் முதுகலை முடித்துவிட்டு அலுவலக உதவியாளராகச் சேர்ந்த என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை, "இலக்கியம்" என்பார். மதிய இடைவேளையில் நான் புத்தகத்தைப் பிரித்தால், என்ன கதை என்று தெரியாமலே, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா இல்லையா?" என்று டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்பார். சிமென்ட் லாரிகள் எழுப்பும் புழுதி இரவெல்லாம் உள்ளே வந்து படியும். அதை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் கணினியைப் போடுவார். அந்தக் கணினியில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அதற்கு முன்பு எங்கள் கல்லூரியில் எதை எண்ண வேண்டுமானாலும் வகுப்பு வகுப்பாகப் போய்க் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். மாணவிகளே தங்கள் விவரங்களை ஆய்வகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யட்டும் என்ற ஏற்பாட்டைத் தாளாளரிடம் வாதாடிக் கொண்டுவந்தவர் மேடம். தாளாளர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒரு கல்வியாண்டின் கடைசியில், எந்தெந்தப் பேருந்துகளை அடுத்த ஆண்டும் ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது. ஒரு வழித்தடத்தில் நாற்பது பேராவது இருந்தால்தான் வண்டி என்றார் தாளாளர். அந்த நாற்பது பேரும் கல்லூரிப் பேருந்தில் வருகிறவர்களாக இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவிகளாக இருக்கக் கூடாது. அந்தத் தடத்தின் நிறுத்தங்களில் ஏறுகிறவர்களாக இருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும் வரிசைகளை மட்டும் எண்ணித் தருகிற சூத்திரத்தை மேடம் எழுதினார். அதை எனக்கு அவர் விளக்கிய விதம் இன்னும் காதில் இருக்கிறது: "மூணு வாசல் இருக்குன்னு வச்சுக்குங்க இலக்கியம். மூணுலயும் நுழைஞ்சு வர்றவதான் கணக்கு. ஒண்ணுல நின்னுட்டாலும் வெளியதான்." தா.பழூர் தடத்துக்கு ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக் கூட்டியபோது முப்பத்தொன்று வந்தது. கண் இமைக்கும் நேரத்தில் வந்த அந்த எண்ணைத் தாளாளருக்கு அனுப்பினார். மறுநாளே, அடுத்த ஆண்டு முதல் தா.பழூர் பேருந்து இல்லை என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது.

சில நாள் கழித்து, முதலாண்டு கணிதம் படிக்கும் ஒரு பெண் அலுவலகக் கதவருகே வந்து நின்றாள். அவளுடைய அப்பா வயல் வேலை பார்த்துக்கொண்டே பழைய டிராக்டர் ஒன்றை ஓட்டப் பழகிப் பிழைத்து வந்தவர் என்பதை, அவளைச் சேர்க்க வந்த நாளில் அவரே சொல்லி அறிந்திருந்தேன்.

"டி.சி. வேணும் மேடம்."

"ஏன், வேற காலேஜா?"

"இல்லங்க மேடம். பஸ்ஸு நின்னுடும்னாங்க. டவுன் பஸ்ஸுல வந்தா வூடு போய்ச் சேர இருட்டிடும், படிச்ச வரைக்கும் போதும்னுட்டாரு அப்பா."

மேடம் அவளுடைய வரிசையைத் திறந்தார். நிறுத்தம் என்ற கட்டத்தில் "மிலிட்டரி வூடு" என்று இருந்தது.

"இது என்னம்மா, பஸ்ஸு ஒன் மாமன் வூட்டு வாசல்ல வந்து நிக்குதா?"

அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினாள். உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தார்ச்சாலை வரை சைக்கிள் மிதித்து வருவார்கள். சாலையோரம் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரின் வீடு. அவருடைய மாட்டுக்கொட்டகையில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு அங்கேயே பேருந்தில் ஏறுவார்கள். "டிரைவர் அண்ணனும் அப்படித்தாங்க மேடம் சொல்லும். மிலிட்டரி வூடு புள்ளைங்கல்லாம் ஏறியாச்சான்னு."

மேடம் எண்ணுவதற்கு வைத்திருந்த நிறுத்தப் பட்டியலில் அரசாங்கம் வைத்த ஊர்ப்பெயர்கள் மட்டுமே இருந்தன. மற்ற இரண்டு வாசல்களையும் கடந்து வந்த அந்தப் பெண்கள் மூன்றாவது வாசலில் நின்றுவிட்டார்கள். சூத்திரம் அதற்காக ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. கேட்டதை அது சரியாகவே எண்ணியிருந்தது. விடுபட்டவர்களைப் பற்றிச் சொல்லும்படி அதனிடம் யாரும் கேட்கவில்லை. மேடம் அன்றுதான் என் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார். திரையில் வைத்து, முதல் வரிசையிலிருந்து படிக்கத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. முடித்தபோது முப்பத்தெட்டு.

நாற்பது வரவில்லை. பக்கத்து மேசை எழுத்தர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரச் சேத்துடுங்க மேடம். யாரு வண்டியில ஏறி எண்ணப் போறா?" என்றார்.

"நான் எண்ணுவேங்க" என்றார் மேடம்.

தாளாளர் அறைக்குப் போகும்போது என்னையும் உடன் அழைத்தார். தன் ஏற்பாட்டையே குறை சொல்லப் போகிறோம் என்பதும், இனிமேல் பழையபடி கை தூக்கச் சொல்லியே எண்ணும்படி தாளாளர் சொல்லிவிடலாம் என்பதும் மேடத்துக்குத் தெரியாததல்ல. வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னீங்களேம்மா" என்றார் தாளாளர்.

"அது பண்ணலங்க சார். நாந்தான் பண்ணேன். புள்ளைங்க எங்க ஏறுதுன்னு நான் ஒரு நாளும் போய்ப் பாக்கல."

முப்பத்தெட்டு என்ற எண்ணை வைத்தார். அதன் கீழே, கூட்டலில் சேர்க்காமல், இன்னும் சில பெயர்களை எழுதியிருந்தார். அதே தடம், இறுதியாண்டு இல்லை, ஆனால் கல்லூரிப் பேருந்தில் வராதவர்கள். ஒரே ஒரு நிபந்தனையால் மட்டும் விடுபட்டவர்கள். "இவங்க ஏன் வரலன்னு இன்னும் கேக்கல சார். கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த நோட்டீஸ எடுத்துடலாமுங்களா?"

தாளாளர் அந்த எண்ணையும் அதன் கீழிருந்த பெயர்களையும் பார்த்தார். "நாப்பதுன்னு போட்டுக்கிட்டு வந்திருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "சரி, ஒரு வருஷம் ஓடட்டும். அப்புறம் எண்ணுங்க." வெளியே வந்ததும் மேடம் அந்த டி.சி. விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "உங்க கதைப் புத்தகத்துல அடையாளத்துக்கு வச்சுக்குங்க இலக்கியம்."

அதன் பிறகு எந்த எண்ணிக்கை வந்தாலும் அது பாதி வேலை என்றே அவர் நினைத்தார். பொருந்தியவர்களை எண்ணிய கையோடு, "விடுபட்டவங்களப் பாத்துட்டு வரேன்" என்று ஸ்கேலை எடுப்பார். விரிதாளில் நிறுத்தங்களின் பட்டியலையும் மாற்றி அமைத்தார். மாணவிகள் சொல்லும் பெயரே அதில் இடம்பெற்றது; அவர்கள் தட்டச்சு செய்யாமல் அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். நிபந்தனை வைப்பது நாம், அதனால் விடுபடுவது யாரோ என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. எத்தனையோ புத்தகங்களில் மனிதர்களைத் தேடிய நான், ஒரு வெற்றுக் கட்டத்துக்கு முன்னால் நின்று இங்கே யார் இருந்திருப்பார்கள் என்று யோசிப்பதை அவரிடம்தான் கண்டேன்.

கணவருக்கு உடல்நலம் குன்றியபோது மேடம் வேலையை விட்டு அவரிடம் போய்விட்டார். ஸ்கேல் என் மேசையில் இருந்தது. இப்போது அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். சாலையை அகலப்படுத்தியதில் மாட்டுக்கொட்டகை போய்விட்டது, ராணுவக்காரரும் இல்லை. சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், மிலிட்டரி வூடுன்னு ஒண்ணு இருக்கு. மேப்புல அப்படி எதுவுமே இல்ல. எடுத்துடவா?"

இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தேன். இந்த ஆண்டு சேர்ந்தவர்களின் வரிசைகளில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போனேன். திரையில் நிறங்கள் கலங்கித் தெளிந்தன. ஒரு வரிசையில் கை நின்றது. கொட்டகையைப் பார்த்தே இராத ஒரு பெண், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"இருக்கட்டுமுங்க. அங்க ஒரு புள்ள ஏறுது" என்றேன்.