எண்ணிக்கை சொல்லும் பெட்டி

துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல்தான் டேப் ரெக்கார்டரை வைப்பார் டீச்சர். இருபது பேர் ஒன்றாகக் காலை ஊன்றினால் ஹால் தரை அதிரும். பெட்டிக்கு அது ஆகாது. கேசட்டைப் போட்டு மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் வந்திருப்பவர்களின் கால்களைப் பார்ப்பார். யாருக்குப் பாதம் வீங்கியிருக்கிறது, யார் சுவர் ஓரமாக நிற்கிறார்கள் என்று. முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் வயதானவர்களுக்குக் காலை உடற்பயிற்சி சொல்லித் தருகிறார். கேசட்டில் இருப்பது ஒரு தாளமும் அவருடைய குரலும்தான்: "ஒண்ணு, ரெண்டு, கைய மேல தூக்கு, மூணு, விடு." பள்ளி நாட்களில் அவரே பேசிப் பதிவு செய்தது. "நானே எண்ணிட்டு நின்னா ஆளைக் கவனிக்க முடியாது. பெட்டி எண்ணட்டும், நான் பாக்கறேன்" என்பார்.

இந்தக் காலத்தில் கேசட்டா என்று கேட்காதவர்கள் இல்லை. "ஃபோன்ல வச்சா நடுவுல என் மருமக கூப்பிடுவா. ஒத்தக் கால்ல நிக்கிறவங்க அப்படியே நிக்கணுமா? என் கேசட்டு யார் கூப்பிட்டாலும் எடுக்காது." இதைக் கேட்டு முதலில் சிரிப்பவர் கேஷியர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர்.

போன வாரம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நல்லது செய்வதாக நினைத்து, கேசட்டை வாங்கிப்போய் ஒரு கடையில் கொடுத்துத் தன் ஃபோனில் ஏற்றி வந்தார். "இரைச்சல் எல்லாம் எடுத்தாச்சு டீச்சர்." ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய, கீச்சுக் குரல் ஒன்று பாய்ந்து வந்தது.

"யாரு டீச்சர் இந்தப் பொண்ணு? ரொம்ப விரட்டுதே" என்றார் கேஷியர். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு சீக்கிரமே நின்றது. பக்கவாட்டில் வளையும்போதே பாதிப் பேர் பின்தங்கினார்கள். கேஷியர் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, வண்டி சூடாயிடுச்சு." டீச்சருக்கே எண்ணிக்கை தவறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கே மூச்சு வாங்குதே டீச்சர்" என்றார் தணிந்த குரலில். "பயிற்சி எடுத்த பொண்ணு ஒருத்தி இருக்கா. அடுத்த வாரம் நான் வந்து ஒரு கிளாஸ் முழுசாப் பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

அன்றிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது டீச்சருக்கு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் நாடிதான் முதலில், அடுப்பு அப்புறம். வகுப்பு கைவிட்டுப் போனால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்பது ஒரு கவலை. வகுப்பு தன்னிடமே இருந்து, கேஷியர் ஒருநாள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காவிட்டால் என்பது இன்னொன்று.

எலெக்ட்ரீஷியனான டீச்சரின் தம்பி வந்து பெட்டியையும் ஃபோனில் ஏற்றியதையும் அடுத்தடுத்துக் கேட்டான்.

"அக்கா, ஃபோன் வேகமா ஓடலை. உன் பெட்டிதான் மெதுவா நடக்குது. உள்ள ரப்பர் பெல்ட் தொங்கிப் போச்சு. கொஞ்சம் கொஞ்சமா வேகம் குறைஞ்சிருக்கு. அந்தக் கீச்சுக் குரல்தான் நிஜம். ஸ்கூல்ல இருந்தப்ப நீ அந்த வேகத்துலதான் எண்ணியிருக்க."

டீச்சருக்கு இதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. பெல்ட் தளரத் தளர வகுப்பும் தளர்ந்திருக்கிறது. பெட்டியில் குரல் கனக்கக் கனக்க, வயதில் அவர் சொந்தக் குரலும் கனத்திருக்கிறது. எல்லாருடைய காலையும் பார்த்தவர் இதைக் கவனிக்கவே இல்லை.

"புது பெல்ட் போட்டுட்டேன். மோட்டார்ல ஒரு திருகு இருக்கு, அதுல வேகம் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்க்ரூடிரைவர் விடப் பின்மூடியில ஓட்டை போட்டிருக்கேன். ஃபோன்லயும் குறைக்கலாம்க்கா. முக்கால், பாதின்னு இருக்கும்."

"முக்காலா பாதியான்னு எனக்கென்னடா தெரியும்? ஆளைப் பாத்துப் பாத்து இல்ல குறைக்கணும்."

"குறைச்சா குரலே காட்டிக் கொடுத்துடும். செயலாளர் கேக்க மாட்டாரா?"

டீச்சர் அவனிடமிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை வாங்கித் துண்டின் மடிப்பில் வைத்துக்கொண்டார்.

இன்று செயலாளர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டு, பெட்டி, இரண்டு தட்டு. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கீச்சுக் குரல் விரட்டத் தொடங்கியது. கேஷியரின் பாதம் எண்ணிக்கைக்குப் பின்னால் வந்து விழுந்தது. மறுபடியும் பின்னால். அவர் உதடு வெளுத்திருந்தது.

டீச்சர் வலிக்கும் முழங்காலை மெல்ல மடித்துப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"என்ன டீச்சர், ரிப்பேரா?" என்றார் செயலாளர்.

"இல்ல சார். வேகம் ஜாஸ்தியா இருக்கு எங்களுக்கு. குறைக்கறேன்."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார். திருகு நகர நகர, குரல் எல்லார் முன்னாலும் கனத்துக்கொண்டே வந்தது. கண் கேஷியரின் பாதத்தில் இருந்தது. "மூணு" என்ற சொல்லோடு அவர் குதிகால் சரியாகத் தரையைத் தொட்டதும் டீச்சரின் கை நின்றது. பிறகு மடங்கியிருந்த தன் முழங்காலை ஒருமுறை பார்த்தார். திருகை இன்னும் ஒரு நூல் குறைத்தார்.