இரண்டு டி. மெக்கே

2006-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்தது இது. அப்போது வளைகுடாவில், அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தை ஒட்டிய ஓர் எண்ணெய்க் கிடங்கில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். காலையில் கேட்டில் காவலர் எழுதும் நோட்டைப் பார்த்து, அன்று உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்ய வேண்டும். அலாரம் அடித்தால் எல்லோரும் வெளித்திடலில் கூடுவார்கள். பாதுகாப்பு அதிகாரி அந்தத் தாளை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்ப்பார்.

இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மதுரையில் மூன்று வருடம் நாளிதழ் ஒன்றில் பிழை திருத்தியவன். ஒரே வரி இரண்டு முறை வந்தால் கை தானாக ஒன்றை அடித்துவிடும்.

எங்கள் பட்டியலில் ஆறு முருகன்கள் இருந்தார்கள். குழப்பம் வந்ததில்லை. ப. முருகன், வீ. முருகன் என்று அப்பா பெயரின் முதலெழுத்து ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். இனிஷியலும் பெயரும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவர்தான் என்பது என் கணக்கு.

அந்த வருடம் டாங்குகளைப் பழுதுபார்க்க ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். ஜனவரிப் பட்டியலில் ஒரு மெக்கே இருந்தார். மார்ச்சில் மூன்று பேர். ஏப்ரலில் ஐந்து. முதலில் வந்தவர் ஊர்க்காரர்களை இழுத்துக்கொள்வது நம்மவர்களும் செய்வதுதான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை நோட்டில் முதல் முறையாக 'டி. மெக்கே' என்று அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. காவலர் கை தவறி இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைத்தேன். கேட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன். மொத்தம் அறுபத்து மூன்று பேர்.

பதினொன்றரைக்கு கேஸ் அலாரம் அடித்தது. நான்காம் டாங்கின் வால்வில் கசிவு. திடலில், வெயிலில் வரிசையாக நின்றோம். கராச்சிக்காரரான பாதுகாப்பு அதிகாரி பெயர்களை வாசித்தார். டி. மெக்கே என்றதும் ஒருவர் கை தூக்கினார். கடைசிப் பெயருக்கும் ஆள் இருந்தது. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு, "சப் ஆ கயா. கலாஸ்" என்றார். உள்ளே யாரும் இல்லை, தேட வேண்டியதில்லை என்று பொருள்.

அறந்தாங்கிப் பக்கத்து ஹெல்ப்பர் ஒருவர் வரிசையை விட்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒரு வெள்ளக்காரரக் காணோமே."

"எல்லாரும் வந்தாச்சு. லிஸ்ட் டேலி ஆயிருச்சு."

"லிஸ்ட்டு கெடக்கட்டும் சார். காலைல ரெண்டு பேருக்கு நாந்தான் பையத் தூக்கிட்டுப் போனேன். ஒருத்தரு வழுக்க, ஒருத்தரு செவப்புத் தாடி. வழுக்க அந்தா நிக்கிறாரு. தாடி எங்க?"

"அவர் பேர் என்ன?"

"ரெண்டு பேரையும் மெக்கேன்னுதான் கூப்புட்டாங்க."

காலையில் நான் விட்ட வரி நினைவுக்கு வந்தது. அதிகாரியிடம் ஓடினேன். ஓர் ஆள் உள்ளே இருக்கிறார், பட்டியல் தப்பு, தப்பு என்னுடையது என்றேன். அவர் திட்டுவதில் நேரத்தைக் கழிக்கவில்லை. "கஹாங்?" என்று மட்டும் கேட்டார். ஹெல்ப்பர் ஐந்தாம் டாங்கைக் காட்டினார்.

மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். வழுக்கைத் தலைக்காரர் பத்து மணிக்கே கீழே இறங்கிவிட்டவர். மற்றவர் வேலை முடிந்து வெளியே போயிருப்பார் என்றே நினைத்திருக்கிறார். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டாங்கையே பார்த்தபடி நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

இருபது நிமிடம் கழித்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அலாரம் கேட்டு இறங்கும்போது படியில் கணுக்கால் முறிந்து உட்கார்ந்துவிட்டாராம். காற்று மறுபக்கம் வீசியதால் கேஸ் அவர் பக்கம் வரவில்லை. நாங்கள் எண்ணி முடித்ததை மேலிருந்து பார்த்திருக்கிறார். அவர் கூப்பிட்டது அவ்வளவு தூரம் எட்டவில்லை. யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து, மாவுக்கட்டோடு அவரே டைம் ஆபீசுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டு, நம் இனிஷியல் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய ஊர் ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் ஒரு கிராமம். மெக்கே என்பது குடும்பப் பெயர், அவர் வகுப்பில் பாதிப் பேர் மெக்கேயாம். அதனால் அங்கே யாரும் யாரையும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. அவருக்குத் தாத்தாவின் படகுப் பெயர்தான் பட்டப்பெயர். இப்போது அந்தப் பள்ளியில் இரண்டு மெக்கே பிள்ளைகள்தான் மிச்சம், மற்றவர்கள் வேலை தேடிக் கிளம்பிவிட்டார்கள் என்றார். "இன்றைக்கு என் பள்ளியைவிட உங்கள் பட்டியலில்தான் நாங்கள் அதிகம்" என்று சிரித்தார்.

அதன்பிறகு முழுப்பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதினேன். அந்த ஹெல்ப்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளையும் பாத்துக்கங்க சார். எங்க ரூம்ல மூணு முருகன். சோறு போடுறப்ப நம்பரா கேக்குறோம்?" என்றார்.

ஜூனில் வேலை முடிந்தது. ஐந்து மெக்கே இரண்டானார்கள், பிறகு ஒருவரும் இல்லை. ஊருக்குத் திரும்பி வேறு வேலைக்கு வந்துவிட்ட பிறகும், ஏதாவது ஒரு பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், வெயிலில் காய்ந்த படியில் உட்கார்ந்து நாங்கள் எண்ணி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர்தான் என் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறார்.