லீவு விட்ட நாள்

காலை பத்து இருபதுக்குச் சின்னாளபட்டியில் அந்த வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த சக்கர நாற்காலிகள். எல்லாம் துடைத்துப் பளபளத்தன. ஒன்றிலும் பிள்ளை இல்லை.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பகல் மையம் அது. அவர்களை ஏற்றிவந்த பழைய ஆட்டோ இனி ஓடாது என்பதால், ஒரு வேன் கேட்டு திண்டுக்கல்லில் உள்ள எங்கள் சமூக அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். பத்திரிகை வேலையை விட்டபின், விண்ணப்பித்தவர்களை நேரில் பார்த்து அறிக்கை தருவது என் வேலையாக இருந்தது.

"பிள்ளைகள் எங்கேம்மா?" என்றேன்.

மையத்தை நடத்திய ஓய்வுபெற்ற டீச்சர் சிரித்தார். "லீவு விட்டுட்டேன் சார். நீங்க வர்ற அன்னைக்கு அதுக எச்சி வடிச்சுக்கிட்டு, கத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? செத்த நேரம் உக்காருங்க, காபி கொண்டாரேன்."

"அவங்களப் பாக்கத்தானம்மா வந்தேன்."

"அய்யய்யோ! அம்புட்டுப் பிள்ளைகளும் நாளைக்கு வந்துரும் சார். நாளைக்கு வாங்களேன்."

அறிக்கையை அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. 'நேரில் சென்றபோது பிள்ளைகள் யாரும் இல்லை' என்று எழுதினேன். டீச்சர் சொன்ன காரணத்தை எழுதவில்லை. அது நான் கண்ணால் பார்த்ததல்ல என்று நினைத்தேன்.

என் அறிக்கையைப் படித்த அறக்கட்டளையின் நிதிக்குழு வேனை வேறோர் அமைப்புக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்தில் மையம் மூடப்பட்டது. இரண்டு பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கு வருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.