அப்பாவின் காரில் பிள்ளைக்கு ஒரு சீட்

அப்பாவுக்கு இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது என்பது எனக்குத் தெரியவந்தது தோவாளைக்குப் போகும் வழியில்தான். மகளுக்குச் சுசீந்திரம் கோயிலில் முதல் சோறு கொடுப்பதற்காக மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தேன். பிள்ளையைச் சித்தியிடம் விட்டுவிட்டு, பூவுக்குச் சொல்லிவைக்க நானும் அப்பாவும் காரில் கிளம்பினோம். இடது பக்கமிருந்து ஒருத்தி பூக்கூடையோடு ரோட்டில் இறங்கினாள். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் போட்ட அலறலில்தான் பிரேக் பிடித்தார். பிச்சிப்பூ முழுக்க தாரில் கொட்டிவிட்டது. அவள் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் கண்டுட்டுதான் இருந்தேன்," என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனபின், "கண் டாக்டரு சொட்டு மருந்து தந்திருக்காரு. சரியாயிரும்," என்றார்.

முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். ரிட்டையரானதும் வாங்கிய அந்தச் சின்னக் கார் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் உறைக்குள் கிடக்கும். அம்மா போனபிறகு அதுவும் குறைந்துபோனது. பேத்தியைச் சோறு கொடுக்கத் தானே காரோட்டிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவள் பிறந்த அன்றே போனில் சொல்லியிருந்தார். என் பிள்ளையை அந்தக் காரில் ஏற்ற மாட்டேன் என்று தோவாளையிலிருந்து திரும்பும்போதே நான் முடிவெடுத்துவிட்டேன். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

அதனால் சீட்டின்மேல் பழியைப் போட்டேன். "அங்க எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சுப்பா. பிள்ளைக்குத் தனி சீட் இல்லாம காரில் ஏத்துறதில்ல," என்றேன். எங்கள் ஊரில் பிள்ளை என்றால் அம்மா மடியில், அதுவும் முன் சீட்டில். அப்படி ஒரு பொருள் நாகர்கோவிலில் கிடைக்கவே கிடைக்காது, பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் மறுநாள் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் போனோம். முதல் கடையில் ஆட்டும் நாற்காலியைக் காட்டினார்கள். இரண்டாவது கடையில் நடைவண்டி. மூன்றாவது கடைக்காரன் பரணிலிருந்து நிஜமாகவே இரண்டு சீட்டுகளை இறக்கித் தூசி தட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றில் பெல்ட் மெலிசு என்றேன். மற்றதில் தலைப்பக்கம் போதாது என்றேன். வேறு நிறம் கேட்டேன். அந்தப் பையன் பொறுமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, எதைக் காட்டினாலும் கொள்ளாது, கொள்ளாதுங்குற. சீட்டு கொள்ளாதா, இல்ல ஓட்டுற ஆளு கொள்ளாதா?"

"சீட்டுதான் நல்லா இல்லப்பா," என்றேன்.

அவர் எழுந்து பெரிய சீட்டைக் காட்டி, "இதைக் கட்டுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து பின் சீட்டில் வைத்துப் பார்த்தால் மாட்டுவதற்குப் பெல்ட்டைக் காணோம். கார் வாங்கிய வாரமே போட்ட ரெக்ஸின் கவருக்கு அடியில், கவர் தைத்தவன் பெல்ட்டையும் கொக்கியையும் சேர்த்து மூடிவிட்டிருந்தான். பின்னால் உட்கார்ந்து யார் பெல்ட் போடப் போகிறார்கள்? இத்தனை வருஷமாக அதை யாரும் தேடியதில்லை. ஒரு கீறல் விழாமல் அவர் காப்பாற்றிய கவர் அது. ஷேவிங் பிளேடை எடுத்து வந்து, தையலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, நீளமாகக் கிழித்தார். இரண்டு இடத்தில் தையலை விட்டு விலகி ரெக்ஸினே கிழிந்தது. வேண்டாம்பா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

சோறு கொடுக்கும் நாள் காலையில் டாக்ஸி ஒன்று வாசலில் வந்து நின்றது. முந்தின நாளே நான் போனில் சொல்லி வைத்திருந்தேன். அப்பா புது வேட்டி கட்டி, காரின் உறையை உருவி, சாவியோடு நின்றிருந்தார். டாக்ஸியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சாவியை மடியில் செருகிவிட்டு, தன் காரிலிருந்து சீட்டைக் கழற்றி, டாக்ஸியின் பின்னால் வைத்து, பெல்ட்டை இழுத்து மூன்று தடவை அசைத்துப் பார்த்தார். டிரைவரிடம், "மெதுவா போங்க தம்பி, பிள்ளை இருக்கு," என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கோயிலில் அவர் மடியில் இருந்துதான் பிள்ளை முதல் சோறு தின்றாள். ஊட்டிவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த லீவில் வந்தபோது கார் நான்கு டயரும் காற்றில்லாமல் தரையோடு உட்கார்ந்திருந்தது. உறைமேல் சருகு குவிந்து மக்கியிருந்தது. அவரும் மெலிந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக்கூட பஸ்ஸில்தான் போகிறார் என்று சித்தி சொன்னாள்.

"ஏம்ப்பா, எடுக்குறதே இல்லையா?" என்று கேட்டேன்.

"நீ போன அன்னைக்கு நிறுத்தினதுதான். நான் ஓட்டினா உன் பிள்ளைக்கு ஆபத்துன்னா, ரோட்டுல நடந்து போற பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா மக்கா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்துபோனது. அந்த இரண்டு வருஷமும் அவர் தனியாக அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருப்பார் என்றே நினைத்திருந்தேன். அதை நினைத்து ஒரு நாள்கூட நான் பயப்படவில்லை.