ஆமெனுக்கு இரண்டு பேர்

பங்சாரில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் யந்திரத்துக்குள் என்னைப் படுக்கவைத்த பெண், கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். "ரொம்ப பயமா இருந்தா அமுக்குங்க ஆன்டி, நிறுத்திடுவேன்." பிறகு ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது: "இப்ப மூச்ச பிடிங்க."

யந்திரம் அடிவயிறு அதிர முழங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்து ஆர்கனும் இப்படித்தான். அதன் கீழ்ச்சுரம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும்.

பத்து வயதில் பள்ளிப் பாடகர் குழுவோடு ஆங்கிலத் தேவகீதம் பாட அங்கே நின்றேன். வீட்டில் திருநீறு பூசிவிட்ட அம்மாவே தேவாலய வாசலில் அதைத் துடைத்துவிட்டாள். பாட்டின் கடைசி ஆமென் மிக நீளம். "நடுவுல அறுந்துச்சுன்னா எனக்குத் தெரியும்" என்று ரோஸ்லின் டீச்சர் மிரட்டியிருந்தார். அதனால் ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவள் விடாமல் பாடவேண்டும். எனக்குப் பக்கத்தில் என்னோடு கைகோத்தபடி கிரேஸ். கையை அமுக்கினால், 'நான் மூச்சு வாங்கப்போகிறேன், நீ விட்டுவிடாதே' என்று பொருள்.

அன்று அவள் முந்திக்கொண்டு என் கையை அமுக்கினாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. மெழுகுவத்திகள் மங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. டீச்சரின் பார்வை என் வாயிலேயே இருந்தது. கிரேஸின் குரல் மறுபடி கேட்டதும் அவள் கையை நசுக்கினேன். அவள் விடவில்லை. ஆமென் அறுபடவில்லை.

இங்கும் நெஞ்சு அடைத்தது. என்னை அறியாமல் விரல்கள் அமுக்கிவிட்டன. முழக்கம் சட்டென்று நின்றது.

"முடியலையா ஆன்டி? மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கணும் லா."

"சரிம்மா. நீ வந்து என் கையப் பிடிச்சுக்கிறியா?"